விலக்குப் பட்டியல்

கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டை வகுந்து நான்கு தெருவாகப் போட்ட ஆசிரியர் காலனியில், மூன்றாம் தெருவின் கடைசி வீட்டுக் கணக்கு வாத்தியார் வெயிலுமுத்து, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை ஆறேகாலுக்குப் பால் வாங்கப் போய், ஆறரைக்குத் திரும்பி வந்து, தன் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே காலை எடுத்து வைத்தபோது, தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கேட் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஏதோ ஞாபகப் பிசகில் திரும்பிவிட்டோம் என்று நினைத்து மறுபடி உள்ளே போனார், மறுபடி தெரு. எதுவும் தடுக்கவில்லை, எதுவும் தள்ளவில்லை, ஓர் அடி உள்ளே போனது, அடுத்த அடி வெளியே வந்தது, அவ்வளவுதான். பதினோரு தடவை இப்படிப் போய்ப் போய் வந்துவிட்டு, பன்னிரண்டாம் தடவை பால் பாக்கெட்டை மட்டும் கேட்டுக்குள் நீட்டி வைத்தார். பால் உள்ளே போனது.

"என்ன, காலங்காத்தால வாசல்ல டிரில் எடுத்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள் அவர் மனைவி தங்கபுஷ்பம், சன்னலில் இருந்து.

அவள் தலைக்குப் பின்னால், முன்னறை மேசையில் இருந்த கணினி, அவர் ஒவ்வொரு தடவை காலை வைத்தபோதும் சொன்னதை இப்போதும் சொன்னது. பெண் குரல், செய்தி வாசிக்கிற தமிழ். "அச்சுறுத்தல் தடுக்கப்பட்டது. உங்கள் வீடு பாதுகாப்பாக உள்ளது."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அவரே காசு கொடுத்து வாங்கிப் போட்ட வைரஸ் தடுப்பு மென்பொருளின் குரல் அது. மூன்று வருஷமாக அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மறுத்துவந்தது. தினமும் காலையில் சிவப்புக் கட்டம் ஒன்றைக் காட்டி, 'புதுப்பிக்க இயலவில்லை, மீண்டும் முயல்க' என்று எழுதிக் காட்டும். அவரும் மீண்டும் முயல்வார். கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார், இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார், வட்டில் இடமில்லையோ என்று பழைய வினாத்தாள்களையெல்லாம் அழித்துப் பார்த்தார், மென்பொருளை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார், அது திருந்தவில்லை என்று அதன் மேலேயே இன்னொரு கம்பெனி மென்பொருளையும் போட்டுவிட, இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு கணினியை இரண்டு நாள் நகரவிடாமல் செய்தன. உதவி எண்ணுக்குப் போன் போட்டு நாற்பது நிமிஷம் வாத்திய இசை கேட்டார். உலகத்தில் தன்னை மதிக்காத எல்லாவற்றோடும் எப்படிச் சண்டை போட்டாரோ அப்படியே அதோடும் போட்டார்.

காலனியில் அவர் சண்டை போடாத வீடு இல்லை. தண்ணீர்த் தொட்டிக்காகச் சங்கச் செயலாளர் ராஜகனி டீச்சரோடு நான்கு வருஷம். ஒரு மாணவனுக்கு அரை மார்க் போட்டதற்காகத் தமிழாசிரியர் அரியநாயகத்தோடு ஒன்பது வருஷம். ஆகவே, வெயிலுமுத்து சார் சொந்த வீட்டுக்குள் போகமுடியாமல் தெருவில் நிற்கிறார் என்று கேட்டதும் காலனி வந்து பார்த்தது. பார்த்துவிட்டு ஐயோ என்று யாரும் சொல்லவில்லை. ராஜகனி டீச்சர் கேட்டில் காலை வைத்தார், தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். அரியநாயகம் ஐயா வைத்தார், திரும்பி நின்றார். யார் வைத்தாலும் அதே கதைதான் என்று தெரிந்ததும் காலனிக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"நம்மளையும் விடலையே சார். நான் உங்களை மட்டும்னு நெனச்சேன்" என்றார் ராஜகனி டீச்சர்.

"நெனப்பீங்க. தொட்டித் தண்ணிய அடச்சு வைக்கத் தெரிஞ்ச ஆளு வேற என்ன நெனப்பீங்க?"

"தெருவுல நிக்கும்போதும் வாய் நிக்கலையே!"

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்குள் அது காலனியின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. காலை நடைக்குப் போகிறவர்கள் மூன்றாம் தெருக் கடைசிவரை வந்து, அந்தக் கேட்டுக்குள் ஓர் அடி வைத்து, சிரமப்படாமல் திரும்பிய திசையில் நடையைத் தொடர்ந்தார்கள்; மூட்டுவலிக்காரர்களுக்கு அது மிக வசதியாக இருந்தது. மீட்டர் பார்க்க வந்தவர் மூன்று தடவை தெருவைப் பார்த்துவிட்டு, 'கதவு பூட்டியுள்ளது' என்று அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். முதல் தெருவிலிருந்து ஒரு டீச்சர் வந்து, அதே மென்பொருள் எந்தக் கடையில் கிடைக்கும், தன் நாத்தனார் தீபாவளிக்கு வருவதற்குள் போட முடியுமா என்று ரகசியமாக விசாரித்தார். சங்கம் கூடி, உறுப்பினர் வெயிலுமுத்து அவர்கள் வீட்டுக்குள் செல்ல இயலாத காலம் முழுவதும் சங்க அலுவலக அறையில் தங்கிக்கொள்ளலாம், மின்விசிறியை அளவாகப் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அவர் பகலெல்லாம் தன் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் மூன்று வேளையும் சாப்பாட்டைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் வெளியே வரவில்லை. வந்தால் திரும்பப் போகமுடியாதே என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. எந்தக் காரணத்தையும் சொல்லவில்லை.

உள்ளே இருப்பது அவள் ஒருத்திதான், ஆகவே அவளை வைத்துத்தான் கணினியைச் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டாம் வாரம் அவர் முடிவெடுத்து, சன்னலுக்கு நேரே தெருவில் நின்றுகொண்டு, வகுப்பறைக்குக் கேட்கிற குரலில் வழி சொன்னார்.

"வலது பக்கம் மேல பாரு. பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும்."

"பல்லும் இல்ல, சக்கரமும் இல்ல. பச்சையா ஒரு கேடயந்தான் இருக்கு."

"அதத் தொடாத! அதுக்குப் பக்கத்துல!"

"தொட்டுட்டேன். 'முழுமையான சோதனை தொடங்கியது'ன்னு ஓடுது."

"ஏட்டி, தொடாதன்னுதான சொன்னேன்? முப்பத்தோரு வருஷமா ஒரு முட்டாளைக் கட்டிக்கிட்டு அழுதேனே, என்னைச் சொல்லணும்!"

தெருவில் அப்போது எட்டுப் பேர் நின்றார்கள். தங்கபுஷ்பம் திரையை அணைத்தாள், எழுந்தாள், அடுப்படிக்குப் போய்க் கத்தரிக்காய் நறுக்கினாள். நறுக்குகிற சத்தம் தெருவரை கேட்டது. அதற்குப் பிறகு யார் கெஞ்சியும் அவள் அந்த மேசைப் பக்கம் வரவில்லை. "எனக்கு அதெல்லாம் வராது டீச்சர். முட்டாள் தொட்டு வேற ஏதாவது ஆயிட்டா?" என்பாள். அவள் குரலில் கோபம் இல்லை. அந்த வாரம் முழுக்க அடுப்படியில் ரேடியோ பாடியது. தான் இல்லாத வீட்டில் ரேடியோ பாடுகிறது என்பதை வெயிலுமுத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த ரேடியோ அவர் வீட்டில் இருக்கும்போது பாடியதுண்டா என்று யோசித்தார். யோசனை பிடிக்காமல் எழுந்துபோய்க் கேட்டில் காலை வைத்தார். தெரு.

மூன்றாம் வாரம் பஜாரிலிருந்து ஸ்டெல்லா வந்தாள். கணினி பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவள், முப்பத்தைந்து வயது, ஸ்கூட்டியை விட்டு இறங்காமலே கேள்வி கேட்கிறவள்.

"கம்ப்யூட்டர்ல இன்னைக்கு என்ன தேதி காட்டுது?"

"ஜூன் பதினாலு" என்றார் வெயிலுமுத்து. "மூணு வருஷத்துக்கு முந்தின ஜூன். ஒவ்வொரு தடவையும் மாத்தி வச்சாலும், அணைச்சுப் போட்டா மறுபடி அங்கயே போய் நிக்கும்."

"அப்புறம் எப்படி சார் அப்டேட் ஆகும்? அந்தப் பக்கத்துல இருந்து அனுப்புறவன் ஒரு சான்றிதழைக் காட்டுவான். அதுல இந்த வருஷத்துத் தேதி இருக்கும். உங்க பெட்டி மூணு வருஷத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, இந்தத் தேதி இன்னும் வரவே இல்லையே, இது போலிச் சான்றிதழ்னு திருப்பி அனுப்பிரும். நீங்க வாத்தியார், உங்களுக்குத் தெரியாதா? உள்ள காசு சைசுல ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போச்சு. செத்தா ஏதோ ஒரு ஜனவரி ஒண்ணாம் தேதிக்குத்தான் போகும். இது ஏன் ஜூன் பதினாலுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாது."

வெயிலுமுத்துவுக்குத் தெரியும்.

"சரி, உள்ள போய்ப் பேட்டரி மாத்த ஆளு வேணும். அது யாரையும் விடாதுங்கீங்க. விலக்குப் பட்டியல்ல யார் பேராவது போட்டு வச்சிருக்கீங்களா?"

அவர் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார். "என் மக பேரு இருக்கு."

பொன்செல்வியைக் காலனிக்கு நன்றாகத் தெரியும். எம்.எஸ்சி. படித்து, தூத்துக்குடியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குப் போய், கூட வேலை செய்த ரூபனைக் கட்டிக்கொண்டவள். அந்தப் பையனின் ஊர்ப் பேரைக் கேட்டார் வெயிலுமுத்து. அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று என்று அவள் போன் செய்தது ஒரு ஜூன் பதினாலு. போனை வைத்துவிட்டு அவர் இந்த மேசை முன்னால்தான் உட்கார்ந்தார். எதையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. திரையில் 'விலக்குப் பட்டியல்' என்று ஒரு சொல் தெரிந்தது. பள்ளிப் பதிவேட்டில் ஒரு பேரைச் சிவப்பு மையில் அடிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, வெ. பொன்செல்வி என்று அதில் போட்டு, சேமி என்பதை அழுத்தினார். இந்த வீட்டை விட்டு விலக்கு. அவ்வளவுதான் அன்றைக்கு அவர் மனதில் இருந்தது.

"அப்ப அந்தப் பொண்ணு மொதல்லயே வர முடியாதுல்லா" என்றார் அரியநாயகம் ஐயா. "விலக்குன்னா விலக்கி வைக்கிறது. மதுவிலக்குன்னா மதுவ ஊருக்குள்ள விடுறதா?"

"அப்ப வரிவிலக்கு?" என்றார் ராஜகனி டீச்சர். "வரிவிலக்குள்ளவன வெளியவா தள்ளுதாங்க? அவன்ட்ட வரியே கேக்காம விடுதாங்கய்யா."

"டீச்சர், நீங்க சமூக அறிவியல். சொல்லுக்குப் பொருள் நான் சொல்லுதேன்."

"சொல்லுங்க, அரை மார்க் போடுதேன்."

சன்னலுக்குள் இருந்து தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது. "பன்னெண்டு வயசுல இருந்து மாசம் மூணு நாள் அவள வீட்டு விலக்குன்னு பின்கட்டுல ஒக்கார வச்சாரே, அது எந்த விலக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

யாரும் கேட்கவில்லை. ஸ்டெல்லாதான் பேசினாள்.

"அகராதிய மூடி வைங்கய்யா. இந்தப் பட்டியல்ல ஒரு பேரு இருந்தா, அத இது சோதிக்காது. நீ எப்படி வேணாலும் வா, எப்ப வேணாலும் வா, உன்ன நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன்னு அர்த்தம். சார் போட்டதுக்கு அதுதான் பொருள்."

காலனி திரும்பி வெயிலுமுத்துவைப் பார்த்தது. அது இதுவரை பார்க்காத பார்வை. வெளியே மூன்று வருஷம் மகள் பேரை யார் எடுத்தாலும் எரிந்து விழுந்தவர், உள்ளுக்குள் அவளுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்திருக்கிறார் என்று அன்று சாயங்காலத்துக்குள் நான்கு தெருவும் பேசியது. பேசப் பேச அது வளர்ந்தது. ராஜகனி டீச்சர் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "உங்களப் போயி என்னவெல்லாம் நெனச்சிட்டேன் சார்" என்றார். அரியநாயகம் ஐயா அந்த அரை மார்க்கைப் பற்றித் தன் மேலும் தவறு இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். வெயிலுமுத்து எதையும் மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார், அது அடக்கம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. உண்மையில் அப்படித்தான் நினைத்துப் போட்டோமோ என்று இரண்டாம் நாள் அவருக்கே சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள் ஏறக்குறைய நம்பினார். காப்பி நன்றாக இருந்தது.

பொன்செல்விக்குப் போன் செய்தது ஸ்டெல்லா. விஷயத்தை முழுக்கச் சொல்லித்தான் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் அவள் தனியாக வந்து இறங்கினாள். மூன்றாம் தெரு நெடுக வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, வேப்பமரத்தடியையும் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவின் கையிலிருந்து பேட்டரியை வாங்கிக்கொண்டு, கேட்டைத் தள்ளி, ஓர் அடி வைத்தாள், அடுத்த அடி வைத்தாள், உள்ளேயே இருந்தாள். கணினி வாயே திறக்கவில்லை. தாயும் மகளும் வாசல்படியில் கட்டிக்கொண்டதைக் காலனி பார்த்தது. வெயிலுமுத்து நாற்காலியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா தெருவிலிருந்து சொல்லச் சொல்ல, பொன்செல்வி மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் பக்கத்தைக் கழற்றி, செத்த பேட்டரியை நெம்பி எடுத்துப் புதியதை வைத்து, மூடி, போட்டு, தேதியைத் திருத்தினாள். 'புதுப்பிக்கப்படுகிறது' என்று வந்தது. மூன்று வருஷத்துப் பாக்கி ஒவ்வொரு சதவீதமாக இறங்கியது. பொன்செல்வி எண்ணைச் சத்தமாகப் படிக்க, தெருவில் கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது, ஏலம் போகிற மாதிரி. நூறு என்றதும் கைதட்டினார்கள். அந்தப் பெண் குரல், "உங்கள் வீடு இன்றைய நாள் வரை புதுப்பிக்கப்பட்டது" என்றது.

முதலில் ராஜகனி டீச்சர் காலை வைத்தார். உள்ளே போனார். அரியநாயகம் ஐயா போனார். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். பின்னாலேயே எட்டு, இருபது, முப்பது பேர் போய், தண்ணீர் வாங்கிக் குடித்து, முற்றத்து முருங்கையைப் பார்த்து, வந்தார்கள். எல்லோரும் போய் வந்த பிறகு, வெயிலுமுத்து எழுந்து, வேட்டியை உதறிக் கட்டி, தெருவே வழிவிட நடந்து, தன் கேட்டுக்குள் காலை எடுத்து வைத்தார்.

தெருவைப் பார்த்து நின்றார்.

"அச்சுறுத்தல் தடுக்கப்பட்டது" என்றது குரல்.

"ஸ்டெல்லா! இன்னும் சரியாகல!" என்று கத்தினார்.

உள்ளேயே இருந்த ஸ்டெல்லா சன்னலுக்கு வந்தாள். "சரியாயிருச்சு சார். முன்னால அதுக்கு யாரையும் தெரியாது, அதனால எல்லாரையும் நிறுத்துச்சு. இப்ப அதுக்கு எல்லாரையும் தெரியும்" என்றாள்.

"பேரு உள்ள இருக்குப்பா" என்றாள் பொன்செல்வி. மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "தனிமைப்படுத்தப்பட்டவைன்னு போட்டு, ஒண்ணுன்னு போட்டு, உங்க பேரு இருக்கு. பக்கத்துல ரெண்டு பொத்தான். ஒண்ணு மீட்டெடு. இன்னொண்ணு நீக்கு."

நீக்கு என்பதை அழுத்தினால் ஒரு மனிதருக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை, ஸ்டெல்லாவுக்கும் தெரியவில்லை.

"மீட்டெடுதான்" என்றாள் பொன்செல்வி. அவள் கை மவுஸின் மேல் இருந்தது. குரல் உடைந்திருந்தது. "மேல விலக்குப் பட்டியல்ல என் பேரு இருக்கே, அதுக்குப் பக்கத்துல நேரங்கூட இருக்குப்பா. ஜூன் பதினாலு, சாயங்காலம் நாலு பத்து. நான் போன் பண்ணின கையோட போட்டிருக்கீங்க. வாயில அவ்வளவு அசிங்கமாத் திட்டிட்டு, உக்காந்து இதச் செஞ்சிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மூணு வருஷம் வராம இருந்திருப்பனா?"

வெயிலுமுத்து வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு விரல் அழுத்தம், அவர் தன் வீட்டில் தன் கட்டிலில் சாய்ந்துவிடுவார். மகள் இருப்பாள், பேச்சு வரும், போகப் போக எல்லாம் உண்மையாகவே ஆகிவிடும். ஆனால் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய ஆள் அவர். தப்பான விடைக்கு முழு மார்க் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, அது தன் தாளாகவே இருந்தாலும், நிற்க அவருக்கு வரவில்லை. அது நேர்மையா, பழக்கமா, யார் நன்றாக இருந்தாலும் பொறுக்காத அந்தக் குணம் கடைசியில் தன் மேலேயே திரும்பியதா என்று அவருக்குச் சொல்லத் தெரியாது.

"அதுக்கு அது அர்த்தம்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"எதுக்கு?"

"விலக்குங்கறதுக்கு. வெளிய தள்ளுறதுன்னு நெனச்சுத்தான் போட்டேன். நீ இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்." பிறகு, "நல்லா நெனச்சுத்தான் போட்டேன்" என்றார்.

ராஜகனி டீச்சர் வாசலை விட்டு ஓர் அடி தள்ளி நின்றார். பொன்செல்வி மவுஸிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. "அதான பாத்தேன்" என்றாள், அவ்வளவுதான். அந்தக் குரலில் உடைசல் போய்விட்டது. நாற்காலியை விட்டு எழுந்து, "நீ வேணும்னா அழுத்தும்மா, எனக்கு முடியாது" என்று விலகிப் போனாள்.

தங்கபுஷ்பம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வெளியே புருஷன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல கீழ பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்கே, என்னது?"

"பிறகு நினைவூட்டுன்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"இப்ப ஒண்ணும் முடிவு செய்ய வேண்டாம். அப்புறமா அதுவே வந்து நம்மளக் கேக்கும்."

"எப்ப கேக்கும்?"

"எத்தனை நாள் கழிச்சுன்னு நாமதான் போடணும்."

"நம்மகிட்டயா கேக்கு?" என்றாள் தங்கபுஷ்பம். அவள் சிரித்தது தெருவில் கேட்டது.

"புஷ்பம்" என்றார் வெயிலுமுத்து. அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் இருக்கும் என்று அவருக்கு நினைவில்லை. அவள் திரும்பவில்லை. விசைப்பலகையில் எண்களைத் தேடித் தேடி ஒரு விரலால் தட்டினாள். ஒரு தடவை தட்டினாள், யோசித்தாள், இன்னொரு தடவை தட்டினாள். மூன்றாவதாகவும் தட்டினாளா, அல்லது அது அடுப்படியில் ஏதாவது சத்தமா என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பிறகு மவுஸ் சொடுக்கிய ஓசை. அது தெளிவாகக் கேட்டது.

"எத்தனை போட்ட?" என்று கேட்டார்.

உள்ளே யாரோ ரேடியோவைத் திருகினார்கள்.